பதினாறா, அறுபத்துநாலா?

என் மாமியாரை டீமிலிருந்து தூக்கப்போகிறார்கள் என்ற செய்தி, ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு வந்து சேர்ந்தது. சொன்னவர் மாமியாரேதான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார். நான் வாய் நிறைய நுரையோடு, "யாரு? எதுக்கு?" என்றேன். "முதல்ல வாயைக் கொப்பளிச்சிட்டு வா, இது நுரையோட பேசுற விஷயமில்ல" என்றார்.

என் மாமியாருக்கு வயது ஐம்பத்தெட்டு. வீடு மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். இரண்டு லாரி, ஏழு ஆட்கள். ஒரு வீட்டில் உள்ள அத்தனை சாமானையும் பெட்டிகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, வேறொரு வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையாமல் இறக்கிக் கொடுப்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மர அலமாரி அவர் காலில் இறங்கியது. ஆறு வாரம் படுக்கை. அந்த ஆறு வாரமும் அவர் எங்களைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டாமல் இருக்க வேண்டுமே என்று, என் கணவர் பழைய சிஸ்டம் ஒன்றைத் தூசி தட்டி 'கோட்டை' என்ற விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். கால் சரியாகிவிட்டது. விளையாட்டு நிற்கவில்லை.

கோட்டையில் பக்கத்துக்கு ஐந்து பேர். நாலு பேர் ஓடி ஆடிச் சண்டை போடுவார்கள். ஒருவர் வாசலில் நின்று எதிரிகள் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள், பெருமையே கிடையாது. என் மாமியார் விரும்பிக் கேட்டு வாங்கினார். விளையாட்டில் அவர் பெயர் 'பூட்டு'. டீமில் எல்லோரும் பூட்டம்மா என்று கூப்பிடுவார்கள். பல் டாக்டருக்குப் படிக்கும் பெண் ஒருத்திதான் கேப்டன். அப்புறம் ஒரு டாக்சிக்காரர், குரலை வைத்துப் பிரித்தறிய முடியாத இரட்டையர் இருவர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

முந்தின நாள் ஆட்டத்தில் வாசலில் நின்றிருந்த பூட்டம்மா, எதிரிகள் வந்த நேரம் பார்த்து அசையாமல் நின்றுவிட்டார். சிஸ்டம் ஹேங். எதிரிகள் ஐந்து பேரும் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் மாதிரி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை. எப்படியோ அரையிறுதிக்குத் தேறிவிட்டார்கள். ஆனால் கேப்டன் பெண் செய்தி அனுப்பியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், இன்னொரு தடவை ஹேங் ஆனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று.

"மன்னிச்சுக்கங்கன்னு போட்டிருக்கா பாரு" என்றார் மாமியார், கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி. "நல்ல பொண்ணு. அதான் இன்னும் வலிக்குது."

அவர் கண் கலங்கியிருந்தது. இந்த அம்மாள் அலமாரி காலில் விழுந்தபோதே அழாதவர், அலமாரிக்கு அடி பட்டதா என்று கேட்டவர். எனக்குச் சுருக்கென்றது. எனக்குக் கோபம் வந்தால் உடனே ஏதாவது ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நான் லிஃப்ட் மெக்கானிக். ஈரத் தலையோடு அந்தப் பழைய சிஸ்டத்தின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ரேம் எட்டு ஜிபிதான் இருந்தது. விளையாட்டுக்கு மட்டுமே அது பத்தாது.

"ஒரு லிஃப்ட்ல எட்டுப் பேர் போகலாம்னா, நீங்க பதினஞ்சு பேரை ஏத்தியிருக்கீங்க, அத்தை."

"அப்ப வேற லிஃப்ட் வாங்கு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். என் கணவர் வரவில்லை. அவர் நீச்சல் கற்றுக் கொடுப்பவர். குளத்துக்குள் இருக்கும்வரை யாரும் தன்னிடம் அபிப்பிராயம் கேட்க முடியாது என்பதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டவர்.

கடை ஒரு நீளமான அறை. இரண்டு பக்கமும் கூரைவரை அட்டைப் பெட்டிகள். மாமியார் நுழைந்ததும் அந்த அடுக்கைப் பார்த்தார். "பெருசு மேல, சிறுசு கீழ. யார் அடுக்கினது இதை?" என்றார். கடைக்காரர் தானே அடுக்கியது என்பதால் பேச்சை மாற்றினார். பெட்டி, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"ரேம் எவ்வளவு போடலாம்?"

"பதினாறு" என்றார் மாமியார்.

"அறுபத்துநாலு" என்றேன் நான், அதே விநாடியில்.

கடைக்காரர் பேனாவை மேசைமேல் வைத்தார். வந்திருப்பது சின்ன விஷயமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நான் என் கட்சியை எடுத்துச் சொன்னேன். ஒரு டன் தூக்க வேண்டிய லிஃப்டுக்கு நாங்கள் ஒரு டன் தாங்கும் கம்பி போட மாட்டோம். பத்து டன் தாங்குகிற கம்பி போடுவோம். மனிதர்கள் எண்ணிப் பார்த்து ஏற மாட்டார்கள். ஏறிய பிறகு இன்னொருவர் கையைக் குறுக்கே நீட்டி ஏறுவார். அவர் கையில் ஒரு மூட்டை இருக்கும். ஆகவே எது தேவையோ அதைப்போல் பல மடங்கு இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம்.

மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆரம்பித்தார். "லாரியில எது உடையும் தெரியுமா தம்பி? நிறைஞ்ச பெட்டியில எதுவும் உடையாது. காலி இடம் இருக்கிற பெட்டியிலதான் உடையும். உள்ள ஆட ஆரம்பிச்சிடும். ஒரு விரல் போற இடம் இருந்தாக்கூட நான் காகிதத்தைச் சுருட்டி அடைச்சிடுவேன். அறுபத்துநாலை வாங்கி, பாதிக்கு மேல காத்தை வச்சு என்ன பண்றது?"

"அம்மா, ரேம் உள்ள எதுவும் ஆடாதும்மா."

"சொல்லுவாங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் தட்டு உடைஞ்சதும் என்கிட்ட வருவாங்க."

அரை மணி நேரம் போனது. மவுஸ் வாங்க வந்த ஒருவர், வாங்காமல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒற்றைக் காலில் நின்றேன், மாமியார் இன்னொரு காலில் நின்றார். இடையில் கடைக்காரருக்கு முழி பிதுங்கியது.

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க" என்றார் கடைசியில். "கடை ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆச்சு. அப்பா பையன் சண்டை பார்த்திருக்கேன், புருஷன் பொண்டாட்டி சண்டை பார்த்திருக்கேன். ரேமுக்காக மாமியார் மருமக சண்டை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அம்மா விளையாடுற கேமுக்குப் பதினாறு இழுத்துப் பிடிச்சுதான் நிக்கும். அறுபத்துநாலு வீண். முப்பத்திரண்டு போடுங்க, பதினாறு பதினாறா ரெண்டு. ரெண்டும் ஒரே ஜோடி. போட்டுட்டு மறந்துடுங்க, வேற எதையும் தொடாதீங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் சம அளவில் தோற்றிருந்ததால் சரி என்று சொன்னோம். மவுஸ்காரர் லேசாகக் கை தட்டினார்.

'வேற எதையும் தொடாதீங்க.' அந்த வார்த்தையை இரண்டு பேரும் காதில் வாங்கினோம். இரண்டு பேரும் அதை மற்றவருக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை நான் சிஸ்டத்தைப் பூட்டி முடித்தேன். மதர்போர்டில் ரேமுக்கு நாலு ஸ்லாட். இரண்டாவதிலும் நாலாவதிலும் புது ரேம்களைப் பொருத்தினேன். மாமியார் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் மட்டும் அடிக்கடி முதல் ஸ்லாட்டுக்கும் மூன்றாவதுக்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

"இங்க காட்டுங்க அத்தை."

"காட்டுறேன். அந்த ரெண்டும் அப்படியே சும்மாவா கிடக்கும்?"

"சும்மாதான் கிடக்கும்."

"ம்" என்றார். அந்த 'ம்' எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு வக்கீல் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மூன்று வக்கீல்கள் மாட்டிக்கொண்டிருப்பதாக அழைப்பு வந்தது. நான் ஓடினேன். நான் போன கையோடு மாமியார் திருப்புளியை எடுத்திருக்கிறார். பழைய சிஸ்டத்தின் நாலு ஜிபி ரேம்கள் இரண்டையும் பிடுங்கி, புதியதில் காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் செருகியிருக்கிறார். வகை ஒன்றுதான் என்பதால் அவை அழகாகப் போய் உட்கார்ந்துகொண்டன. ஆனால் அவை வயதான ரேம்கள், வேகம் குறைவு. அவற்றோடு சேர்ந்தால் புதியவையும் அதே நடைக்குத்தான் இறங்கி வர வேண்டும். போதாக்குறைக்கு இரண்டு ஜோடிக்கும் ஒத்துப்போகவும் இல்லை. இது எதுவும் எனக்குத் தெரியாது. அவர் முகம் மட்டும் பெட்டியை நிறைத்து ஒட்டிவிட்ட திருப்தியோடு இருந்தது.

நான் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். வக்கீல்களை இறக்கிவிட்டு வந்து, மாமியார் குளிக்கப் போன நேரத்தில் நானும் ஒரு காரியம் செய்தேன். லிஃப்டில் எடை கூடினால் மணி அடிக்கும், லிஃப்ட் நகராது. அது இல்லாத லிஃப்டில் நான் என் எதிரியைக்கூட ஏறச் சொல்ல மாட்டேன். அப்படியிருக்க, மாமியாரை எப்படி ஏற்றுவது? தேடிப் பிடித்து ஒரு சின்ன மென்பொருளைப் போட்டேன். ரேமில் எண்பது சதவீதம் நிறைந்ததும் அது மணி அடிக்கும். பத்து விநாடி எண்ணும். பிறகு எது அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதோ அதை மூடிவிடும். அதிக இடத்தை அடைப்பது எது என்று நான் ஒரு விநாடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம் சோதனை ஆட்டம் நன்றாகவே போனது. நான் சதவீதத்தைப் பார்த்தேன், எழுபதைத் தாண்டவில்லை. எங்கள் தொழிலில் சதவீதம்தான் முக்கியம். மொத்தம் முப்பத்திரண்டுக்குப் பதில் நாற்பது என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் படிக்கவே இல்லை.

சனிக்கிழமை மூன்று மணி. மாமியார் தலை வாரி, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பார்க்கப்போவதில்லையே என்றேன். "எனக்குத் தெரியும்ல" என்றார். டீமோடு பேசுவதற்கு மட்டும் கைபேசி, மேசைமேல் சாய்த்து வைத்திருந்தது. நான் பின்னால் நாற்காலியில். சாப்பிடவில்லை, வயிற்றில் இடமில்லை, முழுக்கப் பதற்றம்தான்.

முதல் பாதியில் ஆறாவது நிமிடம் திரை ஒரு விநாடி நின்றது. பிறகு ஓடியது. எட்டாவது நிமிடம் இரண்டு விநாடி நின்றது. அந்த இரண்டு விநாடி அவர்களுக்குப் போதும். ஒருவன் பூட்டம்மாவின் தோளை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டான். முதல் பாதி போயிற்று. கைபேசியில் கேப்டன் பெண்ணின் குரல் மெதுவாக வந்தது.

"பூட்டம்மா. மறுபடியுமா?"

இடைவேளை பத்து நிமிடம். மாமியார் கைபேசியின் மைக்கை அணைத்தார். என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணு சொல்லுவேன், கத்தக் கூடாது."

"சொல்லுங்க."

"காலியா இருந்துச்சு. மனசு கேக்கல. பழசு ரெண்டையும் சொருகிட்டேன்."

நான் கத்தவில்லை. கத்துவதற்கு நேரமில்லை. ஒயரைப் பிடுங்கினேன், மூடியைக் கழற்றினேன், அவர் டார்ச் பிடித்தார், இந்த முறை வெளிச்சம் நகரவில்லை. பழைய இரண்டையும் உருவி அவர் கையிலேயே கொடுத்தேன். பறிபோன மிட்டாயைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பிள்ளைபோல் வாங்கிக்கொண்டார். ஏழாவது நிமிடம் சிஸ்டம் உயிர் பெற்றது. அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன். அடுத்த குழி நான் வெட்டியது என்பது எனக்கு நினைவில்லை.

இரண்டாவது பாதியில் திரை தண்ணீராக ஓடியது. இப்படி ஒரு ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள், திருப்பி அனுப்பினார். கூரை வழியாக ஒருவன் வந்தான், அவனும் திரும்பினான். டாக்சிக்காரர், "பூட்டம்மா இன்னிக்கு வேற மாதிரி இருக்காங்க" என்றார். மாமியார் உதட்டில் நமுட்டுச் சிரிப்பு. எனக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டு நிமிடம்தான் பாக்கி.

அப்போது மணி அடித்தது.

நல்ல, உரத்த மணி. நானே தேர்ந்தெடுத்தது. திரையின் மூலையில் ஒரு கட்டம் வந்தது: ரேம் நிறைகிறது, 'கோட்டை' பத்து விநாடியில் மூடப்படும்.

எட்டு ஜிபியை உருவிவிட்டோம், அளவு சுருங்கிவிட்டது. அது மட்டுமில்லை. விளையாட்டுக்குப் பின்னால் என்ன திறந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். சிஸ்டத்தை மறுபடி போட்டதும் அவர் பழையபடி எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார். லாரிகள் எங்கே போகின்றன என்ற வரைபடம், வாரத்துக்கான சாமான் பட்டியல்கள், மழை வருமா என்று நாலு பக்கம், போன வார ஆட்டத்தின் வீடியோ, பாட்டு, சமையல். நாற்பது டேபுக்குக் குறையாது. காலி இடம் இருந்தால் இவருக்குத் தாங்காதே.

"என்ன மணி அது?" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.

"அத்தை, ஒண்ணு சொல்லுவேன், கத்தக் கூடாது."

"சொல்லு."

"எண்பது ஆனா மூடிடுற மாதிரி நான் ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். மவுஸைக் கொடுங்க, நிறுத்திடுறேன்."

"வாசல்ல மூணு பேர் நிக்கிறான். எப்படிக் கொடுப்பேன்?"

"நாலு விநாடிதான் இருக்கு."

"நாலு விநாடி நான் விட்டா அவனுங்க உள்ள."

கோட்டை மூடிக்கொண்டது. திரையில் அவர் வைத்திருந்த பின்னணிப் படம், லாரி ஒன்றின் முன்னால் அவரும் ஏழு ஆட்களும் நிற்கும் படம், அமைதியாக எங்களைப் பார்த்தது. மறுபடி உள்ளே போக நாற்பது விநாடி ஆகும். அவர் திறந்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று அந்தக் கைகள் சொல்லின.

கைபேசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. "பூட்டம்மா மறைஞ்சுட்டாங்க." "வாசல்ல யாரு?" "நான் போறேன்." "நானும் வரேன், ஒருத்தரால முடியல." "ரெண்டு பேராலும் முடியல, கேப்டன் வாங்க." நாலு பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரட்டையரில் ஒருவன் மூச்சு வாங்கியபடி, "இத்தனை நேரம் இதை அவங்க ஒரே ஆளாவா செஞ்சாங்க?" என்றான். எல்லோர் கையும் வேலையாக இருந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. மைக்கைத் திறந்து கைபேசிமேல் குனிந்தேன். "தப்பு என்னோடது. நான்தான் மூடுற மாதிரி போட்டு வச்சேன். அவங்களை எடுத்துடாதீங்க."

மாமியார் என்னைத் தோளால் இடித்துத் தள்ளினார். "இவ சொல்றதை நம்பாதீங்க. நாற்பது டேபைத் தொறந்து வச்சது நான்."

"நான் எண்பதுன்னு வைக்காம இருந்திருந்தா டேப் எத்தனை இருந்தா என்ன?"

"நான் பழசைச் சொருகாம இருந்திருந்தா மணி நேத்தே அடிச்சிருக்கும்ல?"

"அது வேற தப்பு அத்தை, அதை இதோட சேர்க்காதீங்க."

"எல்லாத் தப்பையும் நீயே எடுத்துப்பியா? எனக்கு ஒண்ணு விடு."

கைபேசியில் முதலில் களுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு டாக்சிக்காரர் சிரித்தார். பிறகு நாலு பேரும். அரையிறுதியின் கடைசி நிமிடத்தில், வாசலில் நின்று அடி வாங்கிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாற்பதாவது விநாடி பூட்டம்மா கோட்டைக்குள் குதித்தார். நான் பின்னால் நின்று டேப்களை மூடச் சொல்லிக் கெஞ்சினேன். "அப்புறம், அப்புறம்" என்று ஒரு பக்கம் என்னை விரட்டி, இன்னொரு பக்கம் மூன்று பேரை விரட்டினார். மணி இரண்டாவது தடவை அடிப்பதற்குள் நான் மேசைக்கடியில் தவழ்ந்து, அவர் முழங்கைக்கு அடியில் கையை விட்டு சண்டை போட்ட மும்முரத்தில் நிறுத்த மறந்திருந்த அந்த மென்பொருளை விசைப்பலகையால் கொன்றுவிட்டேன். ஆட்டம் முடிந்தது. வாசல் மூடியே இருந்தது. புள்ளிக் கணக்கில் ஒரு மயிரிழையில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போயிருந்தோம்.

மாமியார் மைக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "கேப்டன். நீ சொன்ன சொல் எனக்கு ஞாபகம் இருக்கு. மறுபடியும் நின்னுபோச்சு. நானே விலகிக்கிறேன், நீ சங்கடப்படாத."

"பூட்டம்மா" என்றாள் அந்தப் பெண். "நாங்க நாலு பேர் சேர்ந்து அந்த வாசல்ல நாற்பது விநாடி நின்னோம். எனக்கு நாக்கு தள்ளிடுச்சு. உங்களை எடுக்கிறதா? உங்க சிஸ்டம் எரிஞ்சே போனாலும் நீங்க சரி பண்ணிட்டு வர்ற வரைக்கும் நாங்க வாசல்ல நிக்கிறோம். அடுத்த சனிக்கிழமை மூணு மணி. வந்துடுங்க."

மாமியார் தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பக்கம் அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"வருவாங்க" என்றேன் நான்.

"ஆமா, யாரு அது?" என்றான் இரட்டையரில் ஒருவன். "இவ்வளவு நேரம் பக்கத்துல சண்டை போட்டுக்கிட்டு இருந்தது யாரு?"

நான் பின்வாங்கினேன். மருமகள் என்று சொன்னால் எல்லோரும் இன்னொரு சுற்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும் என்று தயாரானேன். மாமியார் கைபேசியைக் கையில் எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"என் ஆளு" என்றார். "என் சிஸ்டத்தைப் பார்த்துக்கிறவ. அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்க, அடுத்த சனிக்கிழமை கதவைத் தொறந்து விட்டுட்டுப் போயிடுவேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இடைவேளையில் எடுத்த திருப்புளி இன்னும் கையிலேயே இருந்தது, அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.